குளிரில் ஓடுபவரும் குளிரில் உழைப்பவரும்

மனிதன் தானாக விரும்பி ஏற்கும் துன்பத்துக்கு அறமதிப்பு உண்டா? இது மிகப் பழைய கேள்வி. தவம், விரதம், நோன்பு என்னும் சொற்களை வழங்கிய சமுதாயங்கள் யாவும் இக்கேள்விக்கு ஏதோ ஒரு விடையைக் கூறியே வந்துள்ளன. நமது காலத்தில் அதே கேள்வி வேறொரு கோலத்தில் எழுந்து நிற்கின்றது. உறைநிலைக்குக் கீழே இறங்கிவிட்ட காலைப்பொழுதில், வெண்பனி படிந்த வீதியில், 42.195 கிலோமீற்றர் தூரத்தை ஒருவர் ஓடிக் கடக்கிறார். அவரை எவரும் ஏவவில்லை. ஓட்டம் முடிந்ததும் அவருக்குக் கூலி கொடுப்பாரும் இல்லை. மறுநாட் காலையில் அவர் தமது வழக்கமான வேலைக்குத் திரும்புகிறார். இச்செயலை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

இதற்கு இருவகை விடைகள் உடனே கிடைக்கும். இது மன உறுதியின் சிகரம், உடலை வென்ற ஆன்மாவின் வெற்றி எனப் புகழ்வோர் ஒரு சாரார். வயிறு நிறைந்தவர்களுக்கே இத்தகைய விளையாட்டுத் துன்பங்கள் தேவைப்படுகின்றன, துன்பத்தையே வாழ்வாகக் கொண்டவனுக்கு அதை விலைகொடுத்து வாங்கும் அவசியம் இல்லை எனப் பழிப்போர் மறுசாரார். இரண்டாவது விடை நம்மைப் போன்ற முற்போக்குக் கருத்துடையோருக்குக் கவர்ச்சியானதுதான். ஆயினும் கவர்ச்சியான விடைகளையே முதலில் ஐயுற வேண்டும். எனவே, உண்மை மனிதர் சிலரின் வாழ்வை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

யப்பானிலே மரதன் ஓட்டம் பெரிதும் குளிர்காலத்துக்கு உரியது. 1947இல் தொடங்கிய புக்குவோக்கா மரதன் டிசெம்பரில் நடப்பது. பெப்பு-ஒய்த்தா மரதனும் ரோக்கியோ மரதனும் குளிர்காலத்தின் பிற்பகுதியில் நிகழ்வன. அந்நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் பெரிய கம்பனிகளின் அணிகளைச் சேர்ந்தவர்கள். பயிற்சியாளர், உணவு, மருத்துவம், பயணம் அனைத்தையும் கம்பனியே கவனித்துக்கொள்ளும். இந்த அமைப்புக்கு வெளியே நின்றவர் யூக்கி கவாவுச்சி. 1987இல் பிறந்த இவர், சைத்தாமா மாகாண அரச ஊழியராக, மாலைநேர உயர்தரப் பாடசாலை ஒன்றின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். நண்பகலுக்குப் பின் தொடங்கும் வேலை இரவிலேயே முடியும். ஆகவே பயிற்சிக்கு எஞ்சியது காலைப்பொழுது மட்டுமே. பயிற்சியாளர் எவரும் அவருக்கு இருக்கவில்லை. கம்பனி வீரர்கள் நாளில் இருமுறை பயிற்சி செய்கையில், இவர் ஒருமுறையே பயிற்சி செய்து, வார இறுதிப் போட்டிகளையே தமது கடும் பயிற்சியாக மாற்றிக்கொண்டார்.

2011 பெப்ரவரியில் ரோக்கியோவில் 2 மணி 8 நிமிடம் 37 வினாடியில் ஓடி அவர் மூன்றாம் இடம் பெற்றபோது, இந்த அலுவலக ஊழியர் யார் என்று நாடே வியந்தது. மறுவருடம் அதே போட்டியில் பின்தங்கி, 2012 ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தார். தம்மை நம்பியோரிடம் மன்னிப்புக் கோருமாற்போலத் தலையை மழித்துக்கொண்டார். 2013 பெப்ரவரியில் பெப்பு-ஒய்த்தாவில் 2 மணி 8 நிமிடம் 15 வினாடியில் முதலிடம் பெற்றார். 2018 ஜனவரி முதலாந் திகதி, அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சிற்றூரான மார்ஷ்ஃபீல்டில், உறைநிலைக்குக் கீழ் ஏறத்தாழ 17 பாகைக் குளிரில், பெயர் பெற்ற போட்டியாளர் எவருமற்ற ஒரு மரதனை 2 மணி 18 நிமிடம் 59 வினாடியில் ஓடி முடித்தார். அங்கே பெரும் பரிசும் இல்லை. ஆரவாரிக்கும் பெருங்கூட்டமும் இல்லை. ஓட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே இருந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 16ஆந் திகதி நடந்த பொஸ்ரன் மரதன், பெயரளவில் வசந்தகாலப் போட்டி. எனினும் அன்று வானிலை குளிர்காலத்தினும் கொடிதாயிருந்தது. உறைநிலைக்குச் சற்றே மேலான வெப்பம், கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்க்காற்று. முன்னணித் தொழில்முறை வீரர்கள் பலர் இடைவழியில் விலகினர். கவாவுச்சி கடைசிக் கட்டத்தில், முன்னாண்டு வெற்றியாளரைக் கடந்து 2 மணி 15 நிமிடம் 58 வினாடியில் முதலாவதாக வந்தார். பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்தவர், மயக்கமருந்துத் துறையில் முழுநேரத் தாதியாகப் பணிபுரிந்த சாரா செல்லர்ஸ்; அது அவருடைய இரண்டாவது மரதன் ஓட்டமே.

இவ்வெற்றிகளைக் கண்டு, ஊதியமின்றி ஓடுபவரின் ஆன்மா ஊதியம் பெறுபவரின் ஆன்மாவிலும் தூயது என்று முடிவு கட்டுவது பிழை. குளிருக்குத் தூயவர், தூய்மையற்றவர் என்ற பேதம் தெரியாது. உடல் குளிரும்போது தோலின் இரத்த நாளங்கள் சுருங்குகின்றன, கைகால்கள் மரத்துப்போகின்றன. ஓடும் தசைகள் பிறப்பிக்கும் வெப்பமே உடலைக் காக்கின்றது. களைப்பினால் வேகம் குறையும்போது அவ்வெப்பமும் குறைகின்றது. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் எஞ்சிய வெப்பமும் பறிபோகின்றது. நடுக்கம், தடுமாற்றம், அறிவு மயக்கம் என ஒன்றன்பின் ஒன்றாய் வந்து இறுதியில் உயிருக்கே கேடு விளைகின்றது. குளிரில் பழகிய உடலும், நிலைமைக்கேற்ப வேகத்தை அமைக்கும் அறிவுமே அன்று பொஸ்ரனில் வென்றன என்பது பொருந்தும். கவாவுச்சியுங்கூட 2019ஆம் ஆண்டில் அரச பணியை விட்டுத் தொழில்முறை வீரரானார். அதனால் அவரது முன்னைய ஓட்டங்கள் பெருமை குன்றிவிடவில்லை. பின்னைய ஓட்டங்கள் இழிந்தனவாகவும் ஆகிவிடவில்லை.

ஊதியம் பெறாமையே உயர்வு என்ற கொள்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அதை நாம் மறந்துவிடலாகாது. 'அமெச்சூர்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் அன்பு செய்பவர் என்பதே. இந்த அழகிய சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கனவான்கள் ஒரு வேலியாக்கினர். 1860களில் மெய்வல்லுநர் போட்டிகளுக்கு அவர்கள் வகுத்த விதிகள், பணத்துக்காகப் போட்டியிட்டோரை மட்டும் விலக்கவில்லை. கைத்தொழிலாளரையும் கூலியாட்களையும் சேர்த்தே விலக்கின. உடலுழைப்பால் பிழைப்பவனுக்கு உடலால் விளையாடும் தகுதி இல்லையாம்! மெய்வல்லுநர் போட்டிகளில் 1880 அளவில் இவ்விலக்கு நீங்கியது. ஹென்லிப் படகோட்டப் போட்டியிலோ 1937 வரை நீடித்தது. பணத்தை வெறுக்கும் உயர்ந்த உள்ளம் என்று போற்றப்பட்டது, பணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத வர்க்கத்தின் வசதியே ஆகும்.

பின்லாந்தின் பாவோ நூர்மி இளமையிலே தந்தையை இழந்து, தூர்க்கு நகரில் வண்டி தள்ளிப் பிழைத்தவர். ஒலிம்பிக்கில் ஒன்பது தங்கப் பதக்கங்கள் வென்ற அவர், 1932இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மரதன் ஓட ஆயத்தமானார். செலவுப்பணம் அளவுக்கு மீறிப் பெற்றார் என்ற குற்றச்சாட்டின் பேரில் அவர் தடுக்கப்பட்டார். வறுமையிலிருந்து எழுந்து வந்தவனிடம் காசுக்கணக்குக் கேட்ட அந்த ஒழுக்கம், தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய செல்வத்தில் ஓய்வு அனுபவித்தவர்களிடம் கணக்கெதுவும் கேட்டதில்லை. ஒலிம்பிக் அமைப்பு 1970களிலிருந்து இவ்விதியைப் படிப்படியாகத் தளர்த்தியது நல்லதே. ஆனால், வேலியை உடைத்தவர்கள் அச்சொல்லின் உட்பொருளாகிய அன்பையும் வீசி எறிந்துவிட வேண்டியதில்லை.

அந்த அன்பு எத்தகையது என்பதற்குச் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டொபெக் ஒரு சான்று. ஸ்லீன் நகரின் பாட்டா சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைசெய்த இளைஞர் அவர். பின்னர் இராணுவத்தில் சேர்ந்து, கனத்த இராணுவச் சப்பாத்துகளோடு பனியில் ஓடிப் பயின்றார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர் ஆகிய இரண்டையும் வென்ற பின்னர், அதற்குமுன் ஒருநாளும் ஓடியிராத மரதனையும் வென்றார். இராணுவ உத்தியோகத்தராக அரசின் ஆதரவு அவருக்கு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் 1966இல், உலக சாதனைகள் பல படைத்தும் ஒலிம்பிக் தங்கம் கிட்டாத அவுஸ்திரேலிய வீரர் ரொன் கிளார்க் பிராக் நகருக்கு வந்தபோது, தமது தங்கப் பதக்கங்களில் ஒன்றையே அவருக்குக் கொடுத்தனுப்பினார். 1968இல் சீர்திருத்த இயக்கத்தின் பக்கம் நின்றதற்காகப் பதவியை இழந்து, பல ஆண்டுகள் உடலுழைப்பு வேலை செய்தார். பனியில் பெற்ற பயிற்சிதான் இவ்வுறுதியைத் தந்தது என்று நாம் கூறமாட்டோம். பனியில் ஓடியும் மனம் விரியாதவர் பலர் இருக்கக்கூடும். வெற்றியைச் சொத்தாகக் கருதாத மனமும் இவ்விளையாட்டில் வளர இடமுண்டு என்பதே நாம் கூறுவது.

ஓடுவதற்கான உரிமையே போராட்டமாய் இருந்த காலத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1967 ஏப்ரல் 19ஆந் திகதி, பனிமழை கலந்த குளிரில், கத்ரின் சுவிற்சர் பொஸ்ரன் மரதனை ஓடினார். பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் கொடுத்துப் பதிவுசெய்து இலக்கம் பெற்றிருந்த அப்பெண்ணை, போட்டி அதிகாரி ஒருவர் பாதையிலே பிடித்திழுத்து இலக்கத்தைப் பறிக்க முயன்றார். உடன் ஓடியவர்கள் தடுத்தனர். அவர் ஓடி முடித்தார். பொஸ்ரனில் பெண்களுக்கு முறைப்படியான அனுமதி 1972இலும், ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மரதன் 1984இலுமே கிடைத்தன. இத்தூரம் பெண்ணுடலுக்குத் தகாது என்று அன்று சொன்னவர்கள், வயலிலும் ஆலையிலும் பெண் சுமக்கும் பாரத்தைப் பற்றி அத்துணை கவலை கொண்டதாகத் தெரியவில்லை. தானே தேர்ந்த துன்பம் பெண்ணுக்கு மறுக்கப்பட்டது. பிறர் சுமத்திய துன்பம் மறுக்கப்படவில்லை. தேர்வு செய்யும் உரிமையே இங்கு பிரச்சினையின் மையம் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் தேர்வு என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. 2021 மே 22ஆந் திகதி, சீனாவின் கான்சூ மாகாணத்தில், மஞ்சள் ஆற்றை அடுத்த மலைப்பகுதியில் 100 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் பங்குபற்றினர். திடீரென வெப்பம் வீழ்ந்தது. ஆலங்கட்டியும் உறைமழையும் பெருங்காற்றும் சூழ்ந்தன. மெல்லிய உடையணிந்திருந்த ஓட்டக்காரர்களில் 21 பேர் குளிரினால் மாண்டனர். அவர்கள் தாமே விரும்பி வந்தவர்கள்தாம். எனினும், காற்றுத்தாங்கும் மேலுடையைக் கட்டாயமாக்காததும், மீட்புக்கு வழியரிதான மலைச்சரிவில் பாதை அமைத்ததும் அவர்களுடைய தேர்வல்ல. அன்று ஆறு உயிர்களைக் காத்தவர், அதே மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். புயலுக்கு ஒதுங்கியிருந்த குகையிலே தீ மூட்டி, விறைத்துப்போனவர்களைப் பிழைக்க வைத்தார். ஓட்டக்காரருக்கு ஒருநாட் சோதனையாகிய அம்மலை, அவருக்கு அன்றாட வேலைத்தலம். எந்தக் காற்றுக்கு எங்கே ஒதுங்குவது என்பதை அவருக்குக் கற்பித்தது உழைப்பே.

இவ்விரு மனிதரையும் அக்குகைத் தீயின் அருகில் ஒன்றாக அமர்த்திப் பார்த்தால் நமது கேள்விக்கு விடை தென்படும். துன்பம் துன்பம் என்ற அளவில் எவரையும் உயர்த்துவதில்லை. உயர்த்துமாயின், குளிரில் வீதி கூட்டுபவரும் விடியுமுன் பத்திரிகை சுமப்பவரும் ஆடு மேய்ப்பவருமே சமுதாயத்தின் தலைமக்களாக மதிக்கப்பட்டிருப்பர். அவர்களுடைய பாதையில் முடிவுக்கோடு இல்லை. போர்வையோடு காத்திருப்பாரும் இல்லை. விரும்பி ஏற்கும் துன்பத்தை நாம் மூன்று உரைகற்களில் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஏற்றவர் வேண்டியபோது அதை விட்டு விலகும் சுதந்திரம் உடையவரா? அதன் பாரத்தை அறியாத பிறர் தலையில் ஏற்றாதிருக்கிறாரா? அதனால் அடைந்த அனுபவம், விரும்பாமலே துன்புறுவோரை நோக்கி அவரது கண்ணைத் திறக்கின்றதா? முதலிரண்டும் இல்லையேல் அது கேடு. மூன்றாவது இல்லையேல் வெறும் தற்பெருமை. மூன்றும் பொருந்தினால் அதை நாம் தயக்கமின்றிப் போற்றலாம்.

இப்பொழுது, முன்னர் கூறிய பழிப்புரைக்குத் திரும்புவோம். விளையாட்டுத் துன்பம் வயிறு நிறைந்தவரின் ஆடம்பரம் என்பது அரை உண்மை. பாடசாலை அலுவலகத்தில் இரவுவரை உழைத்த ஊழியரும், மருத்துவமனையில் பணிபுரிந்த தாதியும், சப்பாத்துத் தொழிற்சாலை இளைஞரும் ஆடம்பர வர்க்கத்தினர் அல்லர். அவர்களிடம் இருந்தது வேலை போக எஞ்சிய சில மணிநேரமும், வேலை முற்றாக உறிஞ்சிவிடாத சிறிது பலமுமே. அந்த எச்சம் இருந்தமையால், பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காக ஒன்றைச் செய்ய அவர்களால் முடிந்தது. அதைக்கூட இழந்தவர்கள் உலகில் கோடிக்கணக்கானோர். வேலைக்கு எட்டு மணி, உறக்கத்துக்கு எட்டு மணி, தமக்கென எட்டு மணி என்று தொழிலாளர் கேட்ட காலம் பழையது. கைத்தொழிற்சாலைகளுக்கு எட்டு மணிநேர வேலைநாளை வகுத்த சர்வதேசச் சமவாயம் 1919ஆம் ஆண்டினது. அக்கோரிக்கையின் மூன்றாம் பகுதியை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை. ஓய்வு என்பது அடுத்தநாள் உழைப்புக்காகக் களைப்பாறுதல் மட்டும் அன்று. மனிதன் தன் உடலைத் தனக்கே உரியதாக உணரும் வேளையும் அதுவே.

ஆதலால், குளிரில் ஓடுபவரைப் பார்த்து நாம் பொறாமை கொள்ளவோ எள்ளி நகையாடவோ வேண்டியதில்லை. அவரிடமுள்ள எஞ்சிய பொழுதும் எஞ்சிய பலமும் எல்லோர்க்கும் உரியவை என்று கோருவதே நமது கடமையாகும். அவ்வாறு கிடைக்கும் பொழுதில் ஒருவர் ஓடலாம், மற்றொருவர் பாடலாம், வேறொருவர் வாளாவிருக்கலாம். எதைச் செய்வது என்பதை அவரவரே தீர்மானிக்கட்டும். நாட்கூலியின் பாரம் உடலின் கடைசித் துளி வெப்பத்தையும் குடித்துவிடாத ஒரு சமுதாயத்தில்தான், விரும்பி ஏற்கும் துன்பம் என்பது உண்மையிலேயே விரும்பி ஏற்பதாக இருக்கும்.