துக்கத்தின் பாத்தியதை

கூலிக்கு மாரடிப்பது என்பது நம் பேச்சில் ஒரு வசை. உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே அழுகிறவன் என்று அர்த்தம். பம்மலில் சாவு வீடுகளில் ஒப்பாரி கேட்டிருக்கிற எனக்கு இந்த வசை நியாயமாகப் படவில்லை. செத்தவரை உயிரோடு பார்த்தேயிராத ஒரு கிழவி வாயெடுத்த பிறகுதான், அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த மகள் உடைகிறாள். கிழவி பாடுவது இரவல் துக்கம்; மகளுக்கு வருவது சொந்த அழுகை. துக்கத்துக்குப் பாத்தியதை யாருக்கு என்பது நாம் நினைக்கிற அளவுக்குச் சுலபமான விஷயமில்லை.

எரிக் கிளாப்டனின் 'மீ அண்ட் மிஸ்டர் ஜான்ஸன்' என்ற இசைத்தட்டு இந்தப் பிரச்னையை வேறொரு தளத்தில் எழுப்புகிறது. 2004இல் அது வெளிவந்தபோது கிளாப்டனுக்கு வயது ஐம்பத்தொன்பதை நெருங்கியிருந்தது. இங்கிலாந்துக்காரர், ப்ளூஸை ராக் இசைக்குள் கொண்டுவந்த கிட்டார் கலைஞர்களில் முதல் வரிசையில் இருப்பவர். ப்ளூஸோ அமெரிக்கத் தெற்கில், சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தும் நடைமுறையில் ஒழியாத பருத்திக் காடுகளில், கறுப்பு மக்களிடையே பிறந்தது. அதன் மிகத் தனிமையான குரல் மிஸிஸிப்பியைச் சேர்ந்த ராபர்ட் ஜான்ஸன். 1936 நவம்பரில் ஸான் அன்டோனியோவில், 1937 ஜூனில் டல்லஸில் என்று இரண்டே ஊர்களில் ஒலிப்பதிவு. மொத்தம் 29 பாட்டுகள். 1938 ஆகஸ்டில், இருபத்தேழாம் வயதில், செத்துப் போனார். அந்த 29இல் 14தான் கிளாப்டனின் இந்த இசைத்தட்டு.

அது உருவான விதமும் கவனிக்கத் தக்கது. புதுப் பாட்டுகளைப் பதிவு செய்யத்தான் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கையில் பாட்டுகள் போதவில்லை. வேலை தடைப்படும் போதெல்லாம் ஜான்ஸனின் ஒரு பாட்டை வாசித்தார்கள். கடைசியில் அந்த இளைப்பாறலே முழு இசைத்தட்டாகி விட்டது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் ஸ்தூலமாகவே தெரியும். ஜான்ஸன் தனியாள். ஒரே கிட்டாரில் கீழ்த் தந்திகள் ஒரு நடையும் மேல் தந்திகள் வேறொரு பேச்சுமாகப் போகும். பாட்டின் காலப்பிரமாணம் அவர் மூச்சுக்குக் கட்டுப்பட்டது. வேண்டுமிடத்தில் ஓர் அடியைக் கூட்டுவார், வேண்டாதபோது குறைப்பார். கிளாப்டனோடு ஒரு குழு இருக்கிறது. ஸ்டீவ் காட் டிரம்ஸ் வாசிக்கிறார். பில்லி பிரெஸ்டன் விசைப்பலகைகளில். பல பேர் சேர்ந்து வாசிக்க எண்ணிக்கை தப்பக் கூடாது. ஒப்பாரியை ஆதி தாளத்தில் அடைத்த மாதிரி ஒரு ஒழுங்கு வந்துவிடுகிறது. கடைசிப் பாட்டு நரகத்து நாய் துரத்துவதைப் பற்றியது. தப்பியோடிய அடிமைகளை நாய் விட்டுப் பிடித்த ஊரில் அது வெறும் படிமம் அல்ல. ஜான்ஸன் பாடும்போது நாயின் மூச்சு கழுத்தில் படுகிறது. கிளாப்டன் பாடும்போது ஒரு நல்ல பாட்டை நேசிக்கும் மனிதர் தெரிகிறார்.

இதைக் குறையாக நான் சொல்லவில்லை. தனக்கில்லாத பயத்தை அவர் நடித்துக் காட்டவில்லை. அது ஒருவகை நேர்மை. தவிரவும், இந்தப் பாட்டுகளில் வருகிற 'நான்' யாருடைய தனிச் சொத்தும் இல்லை. அகத்திணையில் தலைமக்களைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. பெயர் இல்லாததால்தான் இரண்டாயிரம் வருஷம் கழித்தும் யாரும் அந்தக் கவிதைக்குள் நுழைய முடிகிறது. ப்ளூஸின் 'நானு'ம் அப்படித் திறந்து கிடக்கிற வீடுதான். வெள்ளைக்காரர் நுழையக் கூடாது என்று வாசலில் நின்று மறிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆனால் புறத்தில் பெயர் சொல்லியாக வேண்டும். தலைப்பிலுள்ள 'மிஸ்டர்' என்ற சொல்லைப் பாருங்கள். 1930களின் மிஸிஸிப்பியில் ஒரு கறுப்பரை வெள்ளைக்காரர் எவரும் அப்படி அழைத்ததில்லை. உயிரோடிருந்தபோது கிடைக்காத மரியாதையைச் செத்து அறுபத்தாறு வருஷம் கழித்துக் கிளாப்டன் கொடுக்கிறார். இதே கிளாப்டன்தான் 1976 ஆகஸ்ட் 5ஆம் தேதி பர்மிங்ஹாம் மேடையில் நின்று, குடியேறிகளுக்கு எதிரான அரசியல்வாதி ஈனாக் பவலை ஆதரித்து, வெளிநாட்டவர் வெளியேற வேண்டும் என்று பேசினார். மேற்கிந்தியத் தீவினரும் இந்தியரும் பாகிஸ்தானியரும் ஆலைகளில் உழைத்துக்கொண்டிருந்த நகரம் அது. பாப் மார்லியின் பாட்டு ஒன்றை இவர் பாடி அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோய் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பாகவே 'ராக் அகேன்ஸ்ட் ரேஸிஸம்' இயக்கம் எழுந்தது. அன்று நடந்ததற்கு வெட்கப்படுவதாக 2018இல் அவர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். அவர் வெட்கம் அல்ல இங்கு விஷயம். இறந்த கறுப்பரை குருவாக வரித்த மனம், உயிருள்ள கறுப்பரைப் பக்கத்தில் சகிக்காமல் போக முடிந்தது எப்படி?

இறந்தவரிடம் ஒரு சௌகரியம் உண்டு. அவர் எதையும் கேட்பதில்லை. சாவு வீட்டுக் கிழவிக்கு இந்தச் சௌகரியம் இல்லை. அவள் அதே ஊர்க்காரி. மறுநாள் குழாயடியில் அந்த மகளின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். கூலிக்கு மாரடிப்பதில் கேவலமில்லை. பிணத்துக்கு மாரடித்துவிட்டு அந்த வீட்டுப் பிள்ளையைத் தெருவை விட்டுப் போகச் சொல்வதுதான் கேவலம்.

ஜான்ஸனுக்கு ஒரு பிள்ளை இருந்தார், கிளாட் ஜான்ஸன். 1961இல் தகப்பனாரின் பாட்டுகள் நெடுந்தட்டாக வந்து, ஐரோப்பிய இளைஞர்கள் அதைக் கேட்டுக் கேட்டுக் கிட்டார் பழகிய காலம் முழுவதும், இவர் மிஸிஸிப்பியில் ஜல்லி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். குன்றுகளை உடைத்துக் கட்டிடங்கள் எழுந்த எங்கள் பகுதியில் ஜல்லி லாரி ஓட்டுவது என்ன பிழைப்பு என்று யாருக்கும் விளக்க வேண்டாம். அவரே வாரிசு என்று 1998இல் நீதிமன்றம் சொல்லி, 2000இல் மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. ஆகவே பணக்கடனுக்கு ஒரு வழி பிறந்தது. பிறப்பித்தது இசை அல்ல, வழக்கு.

இதை அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட நமக்கு யோக்கியதை இல்லை. கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். கோயிலுக்குள் போக முடியாதவனின் ஏக்கத்தை, போக முடிந்தவர்கள் பாடினார்கள். போக முடிந்தவர்கள் கேட்டு உருகினார்கள். 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்துப் படமும் வந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8இல். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. கண்ணீருக்கும் கதவுக்கும் நடுவில் முக்கால் நூற்றாண்டு கிடந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது பறை மேடை ஏறியிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் வகுப்பு வைத்துக் கற்கிறார்கள். நல்லதுதான், யாரும் கற்கட்டும். ஆனால் பறைக்குத் தோல் பதப்படுத்தியவர், சாவுக்கு அடித்துவிட்டுத் தெருமுனையில் நின்று கூலி வாங்கியவர், இவர்கள் வீட்டில் நாம் சாப்பிட்டிருக்கிறோமா, நம் வீட்டை அவர்களுக்கு வாடகைக்கு விடுவோமா என்பது மேடையில் எழாத கேள்வி. ரஸனை அதற்குப் பதில் சொல்லாது. நடத்தைதான் சொல்ல வேண்டும்.

கிளாப்டனின் இசைத்தட்டை நான் ஒதுக்கி வைக்கவில்லை. கேட்கிறேன், பிடித்தும் இருக்கிறது. அதை வாசித்த குழுவில் கறுப்பர்களும் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கவில்லை. ஒரு கலைஞனின் நடத்தை அவன் வாசித்த ஸ்வரத்தைக் கெடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஸ்வரம் அவன் நடத்தையை மன்னித்துவிடும் என்றும் நம்பவில்லை. இரண்டு கணக்குகளும் தனித்தனியாகத்தான் கிடக்கின்றன. பாட்டைக் கேட்டு உருகிய எனக்கும் அந்த இரண்டாவது கணக்கில் ஒரு பக்கம் இருக்கிறது.