வழிகாட்டிக்கு எந்த இடம்?

வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி காட்டுவது புண்ணியம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வழிகாட்டியை எந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி அவர்கள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. இன்று மோட்டார் சைக்கிளில் ஏறிச் செல்லும் மனிதனுக்குப் புதிதாக ஒரு வழிகாட்டி வாய்த்திருக்கிறது. அதைக் கைப்பிடியில் மாட்டுவதா, பெட்ரோல் டாங்கின் மேல் வைப்பதா, சட்டைப் பையிலேயே விட்டுவிடுவதா? இது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்றுதான் முதலில் தோன்றும். சற்று யோசித்துப் பார்த்தால், மனச்சாட்சியிடமும் கேட்க வேண்டிய கேள்வி என்பது புலப்படும்.

ஜி.பி.எஸ். என்ற இந்த ஏற்பாட்டின் கதையே விசித்திரமானது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டு, ஓயாமல் நேரத்தை அறிவிக்கின்றன. நான்கு கோள்களின் குரலாவது காதில் விழுந்தால், நம் கையிலுள்ள கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். அமெரிக்க ராணுவம் தன் தேவைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. முதல் கோள் 1978ஆம் ஆண்டு பறந்தது. 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டார்கள். இனி இந்த வசதி பொதுமக்களுக்கும் உண்டு என்ற அறிவிப்பு அதன் பிறகுதான் வந்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையும் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் விலக்கப்பட்டது. வழி தவறியவர்களின் மரணத்தில் விளைந்த தானம் என்று இதைச் சொன்னால் தவறாகாது.

"அந்தக் காலத்தில் நாங்கள் டீக்கடையில் கேட்டுக் கேட்டே கன்யாகுமரி போய்விட்டு வந்தோம்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமூச்சில் எனக்குப் பங்கில்லை. இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து, புதிய பேட்டையில் வீடு தேடிச் செல்லும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். தெரு முனையில் வண்டியை நிறுத்தி, முகம் தெரியாத நாலு பேரிடம், "நான் இந்த ஊருக்குப் புதிது" என்று அறிவித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இன்று அவளுக்கு இல்லை. இதைச் சிறிய விடுதலை என்று யார் சொல்ல முடியும்? ஆகவே, கருவி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல நம் விசாரம். அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த தனிக் கருவி வெயிலிலும் தெளிவாகத் தெரியும். கையுறையோடு தொட்டாலும் கேட்கும். மழையையும் அதிர்ச்சியையும் தாங்கும். ஆனால் விலை அதிகம். கையில் ஏற்கெனவே இருக்கும் போனை மாட்டிக்கொண்டால் செலவு மிச்சம். ஆயினும் சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு போனிலுள்ள காமிராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021ஆம் ஆண்டில் எச்சரித்தது. அதனால் அதிர்வை உறிஞ்சும் பிடிமானம் போட்டுக்கொள்கிறார்கள். காமிராவைக் காப்பாற்ற இவ்வளவு யோசிக்கிறோமே, நல்லதுதான். காப்பாற்ற வேண்டியது அது ஒன்று மட்டுமா?

புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் நான் கேட்ட பேச்சு இது. இளைஞன் ஒருவன் பெரிய போனை மாட்டுவதற்கு வந்திருந்தான். மெக்கானிக் வயதானவர்.

"நேரா பேட்டரியிலே கொடுத்துட்டா, வண்டி நின்ன பிறகும் கரண்டை இழுத்துக்கிட்டே இருக்கும் தம்பி. சாவியைத் திருப்பினாத்தான் வர்ற மாதிரி கொடுக்கிறேன். நடுவுலே ஒரு ஃப்யூஸும் போட்டுடறேன். எங்கே மாட்டணும்?"

"நட்ட நடுவிலே மாட்டுங்க அண்ணே."

"மீட்டரை மறைக்குதே?"

"பரவாயில்லே, ஸ்பீடும் இதிலேயே தெரியும்."

"ஸ்பீடு தெரியும். குறுக்கே வர்ற ஆள் தெரியுமா?"

இளைஞன் சிரித்தான். மெக்கானிக் சிரிக்கவில்லை.

அவருடைய கேள்விக்குக் கணக்கு மூலமாகவே விடை காணலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. திரையில் திருப்பத்தைத் தேட இரண்டு விநாடி கண்ணைத் தாழ்த்தினால், 33 மீட்டர் தூரம் பார்வையற்றவனாகப் போயிருப்பீர்கள். அந்த 33 மீட்டர் உங்களுக்கு மட்டுமா சொந்தம்? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கும் சிறுவனுக்கும், கீரைக் கூடையோடு வரும் கிழவிக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் பார்வை தங்கள் மேல் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் காலெடுத்து வைக்கிறார்கள். நாம் திரையைப் பார்க்கும் ஒவ்வொரு விநாடியும் அவர்களிடம் கேட்காமல் வாங்கிய கடன். பெரும்பாலும் அந்தக் கடனை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்கும் நாளில் நம்மால் கொடுக்க முடிவதில்லை.

சென்னையிலிருந்து இயங்கும் ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 2020ஆம் ஆண்டு நவம்பரில் மீட்டியார் 350 என்ற வண்டியுடன் சிறிய வட்டத் திரை ஒன்றைக் கொண்டு வந்தது. போன் பையிலேயே இருக்கும். திரையிலே அம்புக்குறியும், திருப்பம் இன்னும் எவ்வளவு தூரம் என்ற கணக்குந்தான். முழு வரைபடமும் இல்லையே என்று அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கோ அந்தக் குறைதான் அதன் நிறைவாகப் படுகிறது. எல்லாவற்றையும் சொல்பவன் நல்ல வழிகாட்டி அல்ல. வேண்டியதை வேண்டிய நேரத்தில் சொல்லிவிட்டு, மற்ற நேரத்தில் நம் கண்ணை நம்மிடமே விட்டு வைப்பவன்தான் நல்ல வழிகாட்டி. 2020ஆம் ஆண்டு இந்தியாவில் திருத்தப்பட்ட விதியும் இதையே சொல்கிறது: வண்டி ஓட்டும்போது கைக் கருவியை வழி அறிவதற்கு மட்டுமே உபயோகிக்கலாம், அதுவும் கவனத்தைக் குலைக்காத முறையில்.

"எல்லாம் சரி ஸார், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் பையன் இதையெல்லாம் யோசிக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லண்டன் டாக்ஸிக்காரர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சை கொடுக்கிறார்கள். 1865ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பரீட்சை நடக்கிறது. இட நினைவைக் காக்கும் மூளைப் பகுதியின் பின்புறம் அவர்களுக்குப் பெரிதாக இருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. ஆனால் அவர்களுக்குப் படிக்க வருஷக்கணக்கில் அவகாசம் உண்டு. நம் பையனுக்கு இருப்பது நிமிஷக் கணக்கு. புதுப் புதுத் தெருவுக்கு ஓடுகிற அவனைத் திரையைப் பார்க்காதே என்று உபதேசிப்பது எளிது.

அவன் ஏன் அடிக்கடி பார்க்கிறான்? நாம் பார்த்துக்கொண்டிருப்பதால். நாற்காலியில் சாய்ந்தபடி, நம் போனில் அவனுடைய சின்ன வண்டிப் படம் ஊர்ந்து வருவதைப் பார்த்து, "இன்னும் அந்தத் திருப்பத்திலேயே நிற்கிறானே!" என்று சலித்துக்கொள்கிறோம். அவன் ஒரு திருப்பம் தவறினால் நாம் இழப்பது ஐந்து நிமிஷம். தவறிவிடுமோ என்று அவன் திரையைப் பார்க்கும் இரண்டு விநாடியில் போகக் கூடியது எது என்று நாம் நினைப்பதில்லை. கருவி அவன் கைப்பிடியில் இருக்கிறது. அதன் பாரத்தில் ஒரு பகுதி நம் தலையில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே, கருவியை மீட்டரை மறைக்காமல், சாலையிலிருந்து கண் அதிகம் இறங்க வேண்டாத உயரத்தில், ஓரமாக மாட்டுங்கள். புறப்படுவதற்கு முன்பே போகும் இடத்தைக் குறித்துவிடுங்கள். மாற்ற வேண்டுமானால் ஓரமாக நிறுத்தி மாற்றுங்கள். ஒருவழிப் பாதையில் அது திரும்பச் சொன்னால் திரும்பாதீர்கள். "அது சொன்னது, நான் செய்தேன்" என்ற சமாதானம் அடிபட்டவனுக்கு மருந்தாகாது.

வழிகாட்டி நமக்குப் பக்கத்தில் இருக்கலாம். நம் கண்ணுக்கும் எதிரே வரும் மனிதனுக்கும் நடுவில் இருக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளில் மாட்டும் கருவிக்கு மட்டும் உரிய விதி அல்ல இது. நாம் கொண்டாடும் தலைவர்களுக்கும், நாம் படிக்கும் நூல்களுக்கும், ஏன், இந்தக் கட்டுரைக்குங்கூட இது பொருந்தும்.