நூறு கலம் நெல்

தஞ்சாவூரில் பெயர் பெற்றவர்கள் யார் யார் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட ராஜராஜனில் தொடங்கும். கொஞ்சம் படித்தவர்கள் சரபோஜிக்கும் சரஸ்வதி மகாலுக்கும் வருவார்கள். சங்கீதம் தெரிந்தவர்கள் சியாமா சாஸ்திரியையும் தஞ்சை நால்வரையும் சொல்வார்கள். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரை விட்டுவிட்டால் சண்டைக்கே வருவார்கள். எனக்குப் பிடித்த பட்டியல் இவை எல்லாவற்றையும்விடப் பழையது. பெரிய கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் கல்லில் வெட்டியிருக்கிறது.

சோழநாட்டின் பல தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, கொண்டுவந்து குடியேற்றிய நானூறு ஆடல் பெண்களின் பட்டியல் அது. எந்த ஊர், எந்தத் தளி, இங்கே எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதோடு ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. அவர்கள் குடியிருந்த தெருக்களில் ஒன்றான தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் முதல் வீடு நக்கன் சேரமங்கை. எடுத்தபாதம் என்று ஒரு பெண்; நடராசரின் தூக்கிய திருவடியையே பெயராக வைத்துக்கொண்டவர். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல், ஆடவல்லான் மரக்காலால் அளந்து. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ பங்கு அடுத்த முறைக்காரருக்கு. அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியானவரை அமர்த்த வேண்டும். அதோடு நிற்கவில்லை. நட்டுவர், பாடுவோர், கணக்கர், குடை பிடிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்று நீள்கிறது. கோயிலின் தலைமைத் தச்சன் என்று சொல்லப்படும் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் இந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. இந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா, வரச்சொல்லி வந்தார்களா என்பதைச் சுவர் சொல்லாது. அரச ஆணைக்கு அந்தக் கவலை கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், இதையெல்லாம் எழுதச் சொன்ன அரசனையே ஊர் மறந்துவிட்டது. தலபுராணம் கோயிலைக் கரிகாலன் கட்டியதாகச் சொன்னது, ஜனங்களும் நம்பினார்கள். 1886இல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் கட்டியது ராஜராஜன் என்பது உறுதியானது. நூற்றாண்டுக் கணக்கில் ராஜராஜனும் சேரமங்கையும் ஒரே கதியில், யாரும் வாசிக்காத எழுத்தாகச் சுவரில் இருந்திருக்கிறார்கள். வாசித்த பிறகு ராஜராஜன் சரித்திரத்துக்கும் நாவலுக்கும் சினிமாவுக்கும் போனார். 1972இல் கோயிலுக்கு உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே சிலையாக நின்றார். சேரமங்கை இன்னும் சுவரில்தான்.

அரசனுக்குக் கிடைத்ததும் ஆடல் பெண்ணுக்குக் கிடைக்காததும் என்று இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினால் பாதி நியாயம்தான். நானூறு பேருக்கு நூறு கலம் வீதம் நாற்பதாயிரம் கலம். கணக்கர், குயவர், நாவிதர் எல்லாரும் பெற்ற பங்கு இதில் சேரவில்லை. அவ்வளவு நெல்லுக்கும் யாரோ நாற்றுப் பறித்திருக்க வேண்டும், நட்டிருக்க வேண்டும், களை எடுத்து, அறுத்து, களத்தில் அடித்துத் தூற்றியிருக்க வேண்டும். அவர்கள் எங்கே?

அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில் இருக்கிறார்கள், ஒரு விதமாக. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் நிலக்கணக்கு அது. வரிக்கு உட்படாத இடங்களை அதில் கழித்துக் காட்டியிருக்கிறது: ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு, அவற்றோடு பறைச்சேரி. ஆள் பெயர் கிடையாது. நிலத்தின் அளவில் கழித்துக்கொள்ள வேண்டிய பரப்பு, அவ்வளவே. அந்தச் சுவரைத் தாராள மனத்தின் சாட்சி என்று போற்றுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நாவிதர் பெயரைக் கல்லில் வெட்டிய அரசன் அபூர்வம்தான். ஆனால் அந்தத் தாராளமும் நெல்லை வாங்குகிறவரோடு நின்றுவிட்டது. பங்கு உள்ளவருக்குப் பெயர் இருந்தது. விளைவித்தவருக்குப் பங்கு இல்லை, ஆகவே பெயரும் தேவைப்படவில்லை.

டெல்டாவில் வயல்வேலை செய்கிற சேரி மக்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூரைத் தாண்டிக் கிழக்கே போக வேண்டும். நாகப்பட்டினம் பக்கம் கீழ்வெண்மணி, அப்போது தஞ்சை மாவட்டம். 1968 டிசம்பர் 25 இரவு அங்கே ஒரு குடிசைக்குள் ஒடுங்கியிருந்த 44 பேரைத் தீ வைத்துக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தகராறு கூலியைப் பற்றியது. உழைத்தவர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். அந்த 44 பெயர்களும் நினைவிடத்துக் கல்லில் இருக்கின்றன. சேரமங்கையின் பெயரை வெட்டியது உயிரோடு இருக்கும்போது, குடியிருக்க ஒரு வீட்டோடும் வருஷத்துக்கு நூறு கலம் நெல்லோடும்.