கடனில்லாதவனின் கடன்

நாற்பதைத் தாண்டிய ஐ.டி. நண்பர்கள் நான்கு பேர் அமெரிக்காவில் ஒரு சனிக்கிழமை கூடினால், முன்பெல்லாம் பேச்சு கிரீன் கார்டில் தொடங்கி வீட்டு விலையில் முடியும். சில ஆண்டுகளாக அதில் 'ஃபயர்' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பொருளாதார விடுதலை, சீக்கிர ஓய்வு என்ற இரண்டின் ஆங்கிலச் சுருக்கம் அது. வருமானத்தில் பாதிக்குள் வாழ்ந்து, மீதியைப் பங்குச் சந்தையின் குறியீட்டு நிதிகளில் போட்டு, ஐம்பது வயதுக்குள் வேலையை விட்டுவிடுவது என்பது திட்டம். விக்கி ராபினும் ஜோ டொமிங்கெஸும் எழுதி 1992இல் வெளிவந்த 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' இந்த இயக்கத்தாரின் மூலநூல்களில் ஒன்று.

கணக்கு எளியது. 1994இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் அமெரிக்கச் சந்தையின் பழைய ஏற்ற இறக்கங்களை வைத்து ஒன்றைக் காட்டினார். ஓய்வுபெற்ற முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதத்தை எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும், பணம் 30 ஆண்டுகளாவது தாங்கியிருக்கும் என்பது அது. அதாவது ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு வேண்டும். ஆண்டுக்கு 80,000 டாலர் செலவழிப்பவருக்கு 20 லட்சம் டாலர். 40,000 செலவழிப்பவருக்கு 10 லட்சம் போதும். செலவைக் குறைத்தால் இரண்டு பக்கமும் ஆதாயம்: சேர்ப்பது கூடுகிறது, சேர்க்க வேண்டியது குறைகிறது.

இந்தக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் அந்த வழிக்காரன்தான். பழைய கொரோலா, மதியத்துக்கு டப்பாவில் தயிர்சாதம், கிரெடிட் கார்டில் மாதக் கடைசியில் பாக்கி என்று ஒரு டாலர்கூட இல்லாதது. இதை நான் புத்தகம் படித்துக் கற்கவில்லை. நான் இங்கே எம்.எஸ். படிக்க வந்தபோது அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் கல்விக் கடன் வாங்கினார். கடன் தீர்ந்து பத்திரம் வீடு திரும்பும்வரை அம்மா ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அதைப் பற்றிக் கேட்பார். கடன் என்றால் எனக்கு வட்டி விகிதம் நினைவுக்கு வருவதில்லை. அம்மாவின் அந்தக் கேள்விதான் வருகிறது.

என் கேள்வி வேறு. விடுதலை, விடுதலை என்கிறோமே, அது எதற்கு? கடற்கரையில் உட்காரவா? தூங்கி எழவா? இதற்காக இருபது ஆண்டுகள் ஒருவர் தம்மை ஒடுக்கிக்கொண்டு வாழ்ந்தால், அதில் தவறில்லை, ஆனால் அதை ஓர் அறம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. சிக்கனம் அறமாகிற இடம் ஒன்று உண்டென்றால், அது 'முடியாது' என்று சொல்லும் இடம் என்று நினைக்கிறேன்.

கடன் முதலில் எடுப்பது நம் பணத்தை என்று நாம் நம்புகிறோம். 4 லட்சம் டாலர் வீட்டுக் கடனை ஆறரை சதவீத வட்டியில் 30 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 2,528 டாலர். கட்டி முடிக்கும்போது மொத்தம் 9 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். 'மார்ட்கேஜ்' என்ற சொல்லுக்குப் பழைய பிரெஞ்சில் 'செத்த அடமானம்' என்று பொருள். இவையெல்லாம் பணக் கணக்கு. ஆனால் அந்த 2,528 டாலர் மாதம் தவறாமல் வந்தாக வேண்டும் என்ற நிலையில் ஒருவர் இழக்கும் இன்னொன்று எந்த வங்கித் தாளிலும் வராது. அவருடைய வாய் அது. அதுவும் எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், 2017 முதல் உள்ள விதிப்படி, அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு வேலையோ வேறு விசாவோ கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், தவணை எல்லாம் அந்த 60 நாளுக்குள் அடக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவத் துறை வாடிக்கையாளருக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். பழைய மென்பொருளிலிருந்து நோயாளிகளின் தரவைப் புதியதற்கு மாற்றும் பணி. கெடு நெருங்கியது. மருந்து அளவுகள் உள்ள ஒரு பகுதிக்குச் சோதனை ஓட்டம் முழுதாக நடக்கவில்லை. ஆனால் நடந்து முடிந்ததாக ஒப்புதல் படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். ஒருவன் நான். இன்னொருவர் மதுரைக்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர், என்னைவிடக் கெட்டிக்காரர். நான் முடியாது என்று எழுதி அனுப்பினேன். அன்று மாலை அவர் என்னிடம் வந்து, "உங்களால முடியும்ங்க. என்னால முடியாது" என்று மட்டும் சொன்னார். அவர் கையெழுத்திட்டார். என் இடத்தில் வேறொருவர் கையெழுத்திட்டார். இரண்டு வாரத்தில் என்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்க நான்கு மாதம் ஆனது.

விஷயம் தெரிந்த நண்பர்கள் என்னைத் தைரியசாலி என்றார்கள். அந்தச் சொல் எனக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தேன். அப்போது என் கையில் ஒன்றரை ஆண்டுச் செலவுக்குப் பணம் இருந்தது. வீட்டுக் கடன் இல்லை. கிரீன் கார்டு வந்திருந்தது. ஒருவகையில், நான் அந்தத் தைரியத்துக்கு முன்கூட்டியே தவணை கட்டியிருந்தேன் என்று சொல்லலாம். ஒவ்வொரு தயிர்சாத டப்பாவும் ஒரு தவணை. சிக்கனக்காரர்களுக்கு இனிக்கும் விளக்கம் இது. நேர்மை வேண்டுமானால் சேமி, கடன்பட்டவன் தன் தலையெழுத்தைத் தானே எழுதிக்கொண்டவன் என்பதில்தான் அது போய் நிற்கும்.

ஆனால் அது உண்மையில்லை. அந்த மதுரைக்காரரும் என்னைப்போலவே டப்பா கொண்டுவருபவர்தான். அவருடைய பணம் ஊரில் அவர் அப்பாவின் டயாலிசிஸுக்கும் தங்கையின் கல்யாணத்துக்கும் போனது. என் அப்பா அரசு ஓய்வூதியக்காரர், கல்விக் கடன் தீர்ந்த பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அவருக்கு முன்னால் விண்ணப்பித்ததால் எனக்குக் கிரீன் கார்டு முன்னால் வந்தது. என்னுடைய 'முடியாது' என்ற சொல்லில் என் சிக்கனம் பாதி, மீதிப் பாதி என் கையில் இல்லாதது. அந்தப் பாதியை மறைத்துவிட்டு நான் நல்லவன் என்று எண்ணிக்கொண்டால், அது பொய்க் கணக்கு.

இந்த ஊர்க்காரர் ஒருவர் இதில் நல்ல உதாரணம். ஹென்றி டேவிட் தோரோ 1845இல் மாசசூசெட்ஸில் வால்டன் குளக்கரையில் 28 டாலர் 12½ சென்ட் செலவில் ஒரு குடில் கட்டி, இரண்டு ஆண்டு இரண்டு மாதம் வாழ்ந்தார். ஒரு பொருளின் விலை என்பது அதற்காக நாம் கொடுக்கும் வாழ்நாள்தான் என்ற அவருடைய எண்ணத்தையே இன்றைய 'ஃபயர்' நூல்கள் வேறு சொற்களில் சொல்கின்றன. அவர்கள் அந்தக் குடிலைப் பற்றி நிறையப் பேசுவார்கள். குடிலில் இருந்த காலத்தில், 1846 ஜூலையில், அவர் ஓர் இரவு சிறையில் இருந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அடிமை முறையைக் காக்கும், மெக்சிகோவோடு போரிடும் அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்றார். பறிமுதல் செய்ய அவரிடம் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. சிக்கனம் அந்த 'மாட்டேன்' என்ற சொல்லுக்கு இடம் கொடுத்தது.

ஆனால் குடில் நின்ற நிலம் எமர்சனுடையது. வரியை வேறு யாரோ கட்டியதால்தான் மறுநாள் வெளியே வந்தார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை, திரும்பிப்போகப் பென்சில் தொழில் செய்த குடும்பம் இருந்தது. இதனால் அவர் சொன்ன 'மாட்டேன்' சிறுத்துவிடாது. தனியாளின் விடுதலை என்று நாம் நினைப்பதற்குக் கீழே வேறு யாருடைய நிலமாவது இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

தமிழில் கடன் என்ற சொல் பெற்றதைத் திருப்பித் தருவதையும் குறிக்கும், செய்தே ஆக வேண்டிய கடமையையும் குறிக்கும். புறநானூற்றில் பொன்முடியார் பாடியதாக உள்ள 312ஆம் பாட்டில் தாய்க்கு, தந்தைக்கு, கொல்லனுக்கு, வேந்தனுக்கு, இளைஞனுக்கு என்று வரிசையாகக் கடன்கள் சொல்லப்படுகின்றன. அங்கே ஒருவருடைய கடன் இன்னொருவர் செய்ததன்மேல் நிற்கிறது. வங்கிக் கடனை அடைப்பவர் இந்தக் கடனையும் சேர்த்து அடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் சிக்கனத்தில் உள்ள ஆபத்து. யாருக்கும் நான் பாக்கியில்லை என்ற பெருமிதம் மெல்ல, யாரும் எனக்கு ஒன்றுமில்லை என்ற இடத்துக்குக் கொண்டுபோகும்.

சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒரு கேள்வியால் அளக்கிறேன்: நான் மிச்சம் பிடிப்பதற்கு விலை கொடுப்பவர் யார்? நான் பழைய காரை ஓட்டினால் விலை கொடுப்பது நான். உணவகத்தில் பரிமாறுபவருக்கு டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் விலை கொடுப்பது அவர். நண்பர்கள் வீட்டில் மாறி மாறிச் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்கு ஒருவரையும் அழைக்காவிட்டால் விலை கொடுப்பது அவர்கள். ஊரில் அக்கா தனியாக அம்மாவைப் பார்த்துக்கொள்ள, நான் விமானச் செலவை மிச்சம் பிடித்தால், விலை கொடுப்பது அக்கா. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது சரி, ஆனால் அளப்பது யாருடைய படியால் என்றும் பார்க்க வேண்டும். திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் செல்வத்துக்கு ஊருணி ஓர் உவமை. ஊருணியும் நீரைச் சேமிக்கத்தான் செய்கிறது.

ஆகவே நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இது. கடனில்லாமல் வாழ முடிந்தவருக்கு, அப்படி வாழ முடியாதவர்கள் சார்பாக ஒரு கடன் இருக்கிறது. கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்து யாரும் சொல்லாத ஒன்றை, 60 நாள் கெடு இல்லாதவர் முதலில் சொல்ல வேண்டும். அவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதாவது எளிதாகும். கையெழுத்திட்டவரைக் கோழை என்று சொல்லாமல் இருப்பதும் இந்தக் கடனில் சேர்ந்ததுதான்.

நம் ஊரில் கைமாற்று என்று ஒன்று உண்டு. பத்திரமில்லை, வட்டியில்லை, முடிந்தபோது திருப்பித் தருவது. கடனை வெறுக்கும் நான் அதை மட்டும் கடன் கணக்கில் சேர்ப்பதில்லை. என் எக்செல் தாளில் 25 மடங்குக் கணக்குக்குக் கீழே இப்போது அந்தப் பெயரில் ஒரு வரி இருக்கிறது: வேலை போன இரண்டு குடும்பங்களுக்கு 60 நாள் வாடகையும் மளிகையும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று வைத்தே அதை எழுதியிருக்கிறேன். அந்த வரியைச் சேர்த்த பிறகு, நான் வேலையை விடக்கூடிய நாள் எட்டு மாதம் தள்ளிப்போகிறது.