மெனாஜரி என்னும் சொல்

அயல்நாட்டு அரிய விலங்குகளைச் சேர்த்து வளர்க்கும் இடத்துக்குப் பிரெஞ்சு மொழி தந்த பெயர் 'மெனாஜரி'. ஆங்கிலமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இச்சொல்லைப் பகுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு வீடு தென்படும்.

அடிவேர் 'மனேரே' என்னும் லத்தீன் வினை. தங்குதல் என்பது பொருள். தங்குமிடம் 'மான்சியோ' ஆயிற்று. ஆங்கில 'மேன்ஷன்' அதன் வழித்தோன்றல். அதே குடியில் பிறந்த பிரெஞ்சுச் சொல் 'மெனாஜ்', வீட்டாரையும் வீட்டை நடத்தும் முறையையும் ஒருங்கே சுட்டும். இல்லத்தரசிக்கு அம்மொழியில் இன்றும் 'மெனாஜேர்' என்று பெயருண்டு. (நம் 'மனை'யும் 'மனைவி'யும் இங்கே நினைவுக்கு வராமல் இரா, ஆயினும் ஒலி ஒத்துப்போவதைக் கொண்டு உறவு கொண்டாடுதல் முறையன்று.)

அக்காலத்து நாட்டுப்புறத்தில் வீடு என்றால் வயலும் தொழுவமும் கோழிக்கூடும் அதில் அடக்கம். 1600இல் ஒலிவியே தெ செர் வெளியிட்ட புகழ்பெற்ற வேளாண் நூலின் தலைப்பிலேயே வயல்களின் 'மெனாஜ்' வருகிறது. பண்ணையை நடத்தும் கலை என்று அதைக் கொள்ளலாம். 'மெனாஜரி' முதலில் இந்தப் பண்ணைப் பராமரிப்பையும், பிறகு வளர்ப்பு உயிர்கள் அடையும் இடத்தையும் குறித்தது. மாடும் வாத்தும்தான் அதன் முதற்குடிகள்.

அங்கே யானை நுழைந்தது பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயியின் காலத்தில். 1660களில் வெர்சாயில் கட்டடக் கலைஞர் லூயி லெ வோ அவனுக்கென ஒரு மெனாஜரி எழுப்பினார். நடுவில் எண்கோண மண்டபம்; அதன் மாடத்தில் நின்றால், சுற்றிலும் விசிறியாக விரியும் முற்றங்களில் பலவகை உயிரினங்களையும் ஒரே பார்வையில் காணலாம். அவ்வளாகத்திலேயே பால்பண்ணையும் புறாக்கூடும் இருந்தன என்பதை ஊன்றி நோக்க வேண்டும். பழைய பொருள் அழியவில்லை. அரசனும் ஒரு குடும்பத்தலைவனே. அவன் கொட்டிலில் கோழியோடு தீக்கோழியும் நிற்கும். 1668இல் போர்ச்சுகல் அரசரிடமிருந்து வந்த யானை 13 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தது. இறந்தபின் அறிவியல் கழகத்தார் அதன் உடலை அறுத்து ஆராய்ந்தனர். 'அயல்நாட்டு' என்னும் சாயல் இச்சொல்லுக்கு உடைமையாளரின் செல்வாக்கால் ஏறியது என்பதே என் துணிபு.

வழக்கமோ பெயரினும் மிகப் பழையது. பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1235இல் அனுப்பிய சிறுத்தைகளும், பிரான்சின் ஒன்பதாம் லூயி 1255இல் அனுப்பிய யானையும் லண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சேர்த்த இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி 'மெனாஜரி' என்ற சொல்லைக் கேட்டிருக்க வழியில்லை.

பிரான்சில் புரட்சி வந்தது, அரச குடும்பம் வீழ்ந்தது. வெர்சாயில் எஞ்சிய சில விலங்குகள் பாரிஸின் தாவரத் தோட்டத்துக்கு வந்து, 1793இல் நிறுவப்பட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் சேர்ந்தன. 1828இல் லண்டனில் திறக்கப்பட்ட நிலையம் 'விலங்கியல் தோட்டம்' என்று, கல்வியை முன்னிறுத்திப் பெயர் சூடியது. ஆங்கிலத்தில் 'மெனாஜரி' ஊர் ஊராக வண்டியில் சுற்றும் விலங்குக் கூட்டங்களுக்கும் உரியதாகி, சற்றே மதிப்பிறங்கியது. பாரிஸார் பெயரை மாற்றவில்லை. இன்று அரசனும் இல்லை, அரண்மனைப் பண்ணையும் இல்லை. தாவரத் தோட்டத்தின் விலங்குப் பகுதி மட்டும் மெனாஜரி என்றே அழைக்கப்படுகிறது.