கை தேடிக்கொள்ளும் இடம்

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. விடிய இன்னும் ஒரு மணி நேரம். திண்டுக்கல்லைத் தாண்டி ஒட்டன்சத்திரம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். வண்டிக்குள் மற்ற மூன்று பேரும் தூக்கம். வெளியே பனி, உள்ளே நான்கு பேரின் மூச்சு. முன்கண்ணாடி ஓரங்களிலிருந்து மெல்லப் பூத்துக்கொண்டு வந்தது.

என் பழைய வண்டியாக இருந்தால் இடது கை போய் ஒரு திருகைத் திருகியிருக்கும். காற்று கண்ணாடிப் பக்கம் திரும்பும், கொஞ்ச நேரத்தில் வழி தெளியும். இந்த வண்டி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. டேஷ்போர்டின் நடுவில் கைப்பேசி போலவே வழுவழுப்பான ஒரு திரை. அதில் அப்போது வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தை விலக்க வேண்டும், காற்றாடிப் படத்தைத் தொட வேண்டும், திறக்கிற பக்கத்தில் கண்ணாடிப் படத்தைத் தேட வேண்டும். விரல் ஒருமுறை தவறியது. மறுபடி தொட்டேன். தலையை நிமிர்த்தியபோது இடது ஓரத்தில் சின்னச் சின்னதாகச் சிவப்பு மின்னியது. பாதயாத்திரை போகிறவர்களின் பைகளிலும் கைத்தடிகளிலும் ஒட்டியிருந்த ஒளிரும் ஸ்டிக்கர்கள். நான் நினைத்ததைவிட மிக அருகில் இருந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள், ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் ஒட்டன்சத்திரம் வரும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

அன்று அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16 மீட்டருக்கும் மேல். இரண்டு நொடி கண்ணைக் கீழே இறக்கினால் 33 மீட்டரைப் பார்க்காமலே கடந்துவிடுகிறோம். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வண்டிக்குள் இருக்கும் கருவி ஒருவரின் பார்வையை ஒரு தடவைக்கு இரண்டு நொடிக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தமாகப் பன்னிரண்டு நொடிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. இரண்டு நொடி என்பதை மிகச் சிறியது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த 33 மீட்டருக்குள் எத்தனை பேர் நடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமா. வாடகைக்கு அம்பாசடர் ஓட்டியவர். அந்த வண்டியில் கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு குமிழ் இருக்கும். எதிரே வண்டி வந்தால் இடது காலால் அதை மிதிப்பார், விளக்கு டிம் ஆகும். வண்டி கடந்ததும் இன்னொரு மிதி, பிரைட். இரவு முழுக்க அவர் கால் அந்தக் குமிழுக்குப் போய் வந்துகொண்டிருக்கும், கண் ஒருமுறைகூடக் கீழே இறங்காது. நான் வைப்பர் எங்கே என்று குனிந்து தேடினால், "கண்ணை ரோட்டுல வைடா மாப்ள, கை தானாத் தேடிக்கும்" என்பார். அப்போது அதை வண்டி ஓட்டுவதற்கான ஒரு பாடம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வண்டி எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதற்கான இலக்கணத்தையே அவர் சொல்லியிருக்கிறார் என்பது இப்போதுதான் புரிகிறது. கை தானாகத் தேடிக்கொள்ள வேண்டுமென்றால் தேடுகிற பொருள் நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்க வேண்டும். அதற்கு ஒரு மேடும் பள்ளமும் இருக்க வேண்டும். அழுத்தினால் 'க்ளிக்' என்று விரலுக்குப் பதில் சொல்ல வேண்டும். கண்ணாடித் திரையில் இந்த மூன்றும் இல்லை.

இதைச் சொல்வதால் கைப்பேசி காருக்குள் வந்ததையே நான் குறைசொல்வதாகக் கொள்ள வேண்டாம். அது வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு காரை வரைந்து, சோதித்து, சாலைக்குக் கொண்டுவரச் சில ஆண்டுகள் ஆகும். வாங்கியவர் பத்துப் பதினைந்து ஆண்டு ஓட்டுவார். அதற்குள் வண்டியிலேயே பதித்துத் தந்த வரைபடம் பழையதாகிவிடும். புதுப் பாலம் அதில் இருக்காது, மூடிய வழி திறந்தே இருக்கும். கைப்பேசியோ சில ஆண்டுகளில் மாறுகிறது, அதன் மென்பொருள் மாதாமாதம் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே அறிவைக் கைப்பேசியிலேயே விட்டுவிட்டு, காரின் திரையை அதற்கு ஒரு முகமாக மட்டும் வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். ஆப்பிளின் கார்ப்ளே 2014-இல் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டு கூகுள் அறிவித்த ஆண்ட்ராய்டு ஆட்டோ அடுத்த ஆண்டு ஹூண்டாய் சொனாட்டாவில் முதலில் வந்தது. இரண்டிலும் கணக்குப் போடுவது கைப்பேசி. கார் திரை அது அனுப்பும் படத்தைக் காட்டுகிறது, நம் தொடுகையைத் திருப்பி அனுப்புகிறது. எல்லாச் செயலிகளையும் உள்ளே விடுவதும் இல்லை. வந்த செய்தியைக் கண்ணுக்குக் காட்டாமல் காதுக்குப் படித்துச் சொல்கிறார்கள். தெரியாத ஊரில் குறுக்குச் சந்துக்குள் நுழையும் முன் தமிழில் ஒரு குரல் வழி சொல்வது எத்தனை பெரிய துணை என்பது, தாளில் எழுதிய முகவரியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஓட்டியவர்களுக்குத் தெரியும். மடியில் கிடந்த கைப்பேசி டேஷ்போர்டுக்கு ஏறியதே பல உயிர்களைக் காத்திருக்கும் என்று நம்புகிறேன்.

வழி தவறியது அதற்குப் பிறகு. கைப்பேசியின் பொருத்தமான சில வேலைகள் வந்ததோடு நிற்காமல், அதன் உருவமே வந்து வண்டியின் உறுப்புகளை விழுங்கத் தொடங்கியது. காற்று, விளக்கு, கண்ணாடியின் சாய்வு, சில வண்டிகளில் வைப்பரின் வேகம் வரை திரைக்குள் போயின. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அச்சு வேண்டும், கம்பி வேண்டும், தனிச் சோதனை வேண்டும். ஒரே திரை இருந்தால் அத்தனையும் மிச்சம். போதாததற்கு ஷோரூம் வெளிச்சத்தில் பெரிய திரை அழகாக இருக்கிறது. விற்பனைப் பையன் உட்காரவைத்து, "ரொம்ப யூசர் ஃப்ரெண்ட்லி சார், போன் மாதிரியேதான்" என்று தொட்டுத் தொட்டுக் காட்டுகிறான். அவன் சொல்வது பொய் இல்லை. நிற்கிற வண்டியில் அது எளிதுதான்.

ஓடுகிற வண்டியில் எப்படி? ஸ்வீடனின் 'வி பிலாகாரே' என்ற கார் இதழ் 2022-இல் அதைச் சோதித்தது. பதினொரு புது வண்டிகள், கூடவே 2005-ஆம் ஆண்டு வோல்வோ வி70 ஒன்று. ஓட்டுபவர்களுக்கு ஒவ்வொரு வண்டியையும் பழகிக்கொள்ள நேரம் கொடுத்த பிறகு, மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போதே வெப்பத்தைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் கொண்ட அந்தப் பதினேழு வயது வண்டியில் எல்லாம் பத்து நொடியில் முடிந்தன, வண்டி 306 மீட்டர் போயிருந்தது. திரையை நம்பிய புது வண்டிகளில் மிகவும் பின்தங்கியதில் 44.9 நொடி ஆயிற்று, 1,372 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கும் மேல். நம் ஊர்ச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூடம், இரண்டு பேருந்து நிறுத்தம், நெல் காயும் ஒரு களம், ஒரு மாட்டு மந்தை எல்லாம் வந்துவிடும்.

இது புதிதாகக் கண்ட குறையும் இல்லை. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டு பியூக் ரிவியேரா காரிலேயே தொடுதிரை வந்துவிட்டது. சின்ன வேலைக்கும் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது என்ற முறையீடு அப்போதே எழுந்தது, சில ஆண்டுகளில் அந்தத் திரையை எடுத்துவிட்டார்கள். கடலிலும் நடந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் நீரிணை அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகள் இறந்தார்கள். கப்பலின் திசையும் வேகமும் எந்த மேசையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன என்பதில் நேர்ந்த குழப்பம் மோதலுக்கு இட்டுச்சென்றது. போதிய பயிற்சி இல்லாதது பெரிய காரணம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் வேகத்தைத் தொடுதிரையில் வைத்திருந்ததும் குழப்பத்துக்கு இடம் கொடுத்தது. பின்னர் அந்தக் கடற்படை, கையால் பிடித்துத் தள்ளும் நெம்புகோல்களுக்கே திரும்ப முடிவுசெய்தது. அந்தப் பத்துப் பேரில் எவரும் அந்தத் திரையைத் தொட்டவர் இல்லை. அவர்கள் கீழே, தங்கள் தங்கும் அறைகளில் இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் என் எண்ணம் நின்றுவிடுகிறது. யூசர் ஃப்ரெண்ட்லி என்கிறோமே, யார் அந்த யூசர்? கைப்பேசியில் அதற்கு ஒரே பதில்தான், கையில் வைத்திருப்பவர். அது அவருக்கு எளிதாக இருந்தால் போதும், அவர் தடுமாறினால் இழப்பும் அவருடையது. கார் அப்படிப்பட்ட பொருளே இல்லை. ஒன்றரை டன் இரும்பு பொதுச் சாலையில் போகும்போது அதைப் பயன்படுத்துகிறவர் ஒருவர், அதற்கு ஆட்படுகிறவர்கள் ஆயிரம் பேர். சாலையைக் கடக்கக் காத்திருக்கும் பள்ளிச் சிறுமி எந்த ஷோரூமுக்கும் போனதில்லை. என் வண்டித் திரையில் காற்றாடிப் படம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்த வடிவமைப்பின் விலையைக் கொடுக்க வேண்டி வந்தால் கொடுக்கப்போகிறவள் அவள். ஒரு காரின் மென்பொருள் முதலில் அவளுக்குத்தான் நட்பாக இருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு எது வசதி என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான்.

அவளுக்கு நட்பாக இருப்பது என்றால் என்ன? ஓட்டுகிறவரின் கண்ணை அவளிடமே விட்டுவைப்பதுதான். கைப்பேசி நம் கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகவே வளர்ந்த கருவி. அதன் ஒளி, நிறம், துள்ளி வரும் அறிவிப்பு எல்லாம் 'என்னைப் பார்' என்கின்றன. கார் நம் கண்ணை வெளியே அனுப்பிவிட்டுக் கைக்கும் காலுக்கும் காதுக்கும் வேலை கொடுத்து வளர்ந்த கருவி. இரண்டையும் சேர்க்கும்போது கைப்பேசிதான் காருக்காக வளைந்துகொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் புது வண்டிகளுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் தரும் யூரோ என்காப் அமைப்பு இதைக் கையில் எடுத்திருக்கிறது. இண்டிகேட்டர், ஆபத்து விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டறியும் தனிக் கட்டுப்பாடு இல்லாத வண்டி, 2026 முதல் மதிப்பெண்ணை இழக்க நேரிடும். ஐந்து பொத்தான்கள்தான். ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு மாமாவின் நினைவு வந்தது.

இப்போது வாசலிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறேன். வழியைக் குறிப்பது, பாட்டு, காற்று, எல்லாம் வண்டி நிற்கும்போது. வழியில் மாற்ற வேண்டுமென்றால் ஓரம்கட்டுகிறேன். சிலநாள் பின்சீட்டிலிருந்து, "இதுக்கெல்லாமா நிறுத்துவாங்க" என்று கேட்கிறார்கள். நிறுத்துகிறேன்.

அன்று ஒட்டன்சத்திரத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியபோதும் முழுதாக விடியவில்லை. திரையை அணைத்துவிட்டேன். ஊர் தாண்டி ஒரு வளைவு. பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா, இடுப்பில் பேரப் பிள்ளையோடு, கூட்டத்திலிருந்து பிரிந்து எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தார். தவறவிட்ட எதையோ தேடித் திரும்பியிருப்பார் போல. என் விளக்கின் வெளிச்சம் முகத்தில் அடித்து, கையைக் குறுக்கே வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டார். நான் எதையும் யோசிக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த கம்பியை விரல் தானாகப் போய்த் தொட்டது. டிம் ஆயிற்று.

அவர் கையை இறக்கிவிட்டு நடந்தார்.