நுகத்தடி அளவு நிலம்



நம் முனிவர்கள் வழிநடக்குங்கால் தமக்கு முன்னே நுகத்தடி அளவு, அஃதாவது நான்கு முழ நிலத்தை, நோக்கியே அடியெடுத்து வைக்கின்றனர். ஐந்து சமிதிகளுள் முதலாவதான ஈர்யா சமிதி இதுவே. சிற்றுயிர்களைக் காக்க வகுத்த இவ்வொழுக்கம் நோக்குவோரையும் காக்கிறது என்பதை முதுமையில்தான் உணர்ந்தேன்.

ஒரு மாலை வாயிற்படி இறங்கியபோது எறும்புச் சாரையை மிதித்துவிட்டேன். கண்புரை நீக்கி ஓராண்டு ஆகியிருந்தது. கண்ணில் குறையில்லை என்றே மருத்துவரும் கூறியிருந்தார். பின் குறை எங்கே? விளக்கிற்கு எண்ணெய் உள்ளதா என்ற நினைவிலேயே நடந்தேன். கண் கண்டது, மனம் காணவில்லை.

காண்டல் கண்ணின் தொழில் மட்டும் அன்று. மூளையின் தொழிலும் ஆகும். ஒரே நோக்கில் நடுவிலுள்ளதையும் ஓரத்திலுள்ளதையும் பற்றிக்கொள்ளும் பரப்பு, வயது ஏறச் சுருங்குகிறது. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,802 பேரைக் கொண்டு ‘ஆக்டிவ்’ என்னும் ஆய்வு நிகழ்ந்தது. அதன் முதல் முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. ஒரு பிரிவினர் நினைவாற்றலையும், மற்றொரு பிரிவினர் பகுத்தறியும் திறனையும், மூன்றாம் பிரிவினர் பார்வைக் கவனத்தையும் பயின்றனர். நான்காம் பிரிவினருக்குப் பயிற்சி இல்லை.

மூன்றாம் பிரிவினரின் கணினித் திரையில் நடுவே ஓர் உருவும் ஓரத்தில் மற்றோர் உருவும் கணப்பொழுது தோன்றி மறையும். நடுவில் தோன்றியது யாது, ஓரத்தில் தோன்றியது எங்கே என இரண்டையும் கூறல் வேண்டும். தேறத் தேறக் காட்டும் நேரம் குறையும். ஐந்தாறு வாரங்களில் 10 அமர்வுகள். சிலருக்குப் பின்னர் மீள்பயிற்சியும் உண்டு. 2017-இல் வெளியான பத்தாண்டுத் தொடராய்வு, இவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு பயிற்சி பெறாதோரைவிட 29 விழுக்காடு குறைந்திருந்ததாகத் தெரிவித்தது. மற்ற இரு பயிற்சிகளிலும் இத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை. இதனை நோய் தீர்க்கும் மருந்தென்று கொள்ளலாகாது; முதிய மூளையும் பயிற்சியை ஏற்கும் என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பித்ததும் இதுவே. விடை கூறும் பிள்ளையை நோக்க வேண்டும். கடைசி வரிசைப் பிள்ளையும் பார்வையிலிருந்து நழுவலாகாது. நாற்பது பிள்ளைகளை அவ்வாறு நோக்கிய கண்கள், ஓய்வு பெற்றபின் அப்பழக்கத்தைக் கைவிட்டுவிட்டன.

ஆய்வாளர், கவனத்தால் பயில்வோர்க்கு என்ன நன்மை என வினவுகின்றனர். நம் அறமோ, நம் கவனத்தால் பிறவுயிர்க்கு என்ன நன்மை என்றும் வினவுகிறது. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கையில், பிரமாதம் என்னும் விழிப்பின்மையையே அதன் காரணமாக முன்வைக்கிறது. ‘தெரியாமல் மிதித்தேன்’ என்று நான் சொல்லித் தப்ப இயலாது, நோக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அவ்வுயிர்களிடம் பொறுத்தருள வேண்டினேன். மறுநாள் முதல் படியிறங்குமுன் ஒரு கணம் நின்று, நடுவையும் இரு ஓரங்களையும் பார்த்த பின்னரே காலெடுத்து வைக்கிறேன். அரிசி ஆய்கையிலும், நீர் வடிக்கையிலும், விளக்கேற்றுகையிலும் வேறு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. இல்லறத்தாராகிய நமக்கு இவையே பயிற்சிக்கூடம். கணினி இல்லாதோரும், என்னைப் போல் வயது முதிர்ந்தோரும் இன்றே தொடங்கலாம்.

எவ்வுயிரும் இனிது வாழ்க! ஜினதர்மம் ஓங்குக!